ஒன்பது லிட்டரில் நிறைந்த டாங்கி

டக்.

பம்ப் நின்றுவிட்டது. லோஷினி கைப்பிடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் டக். டாங்கியின் வாய்வரை பெட்ரோல் ஏறி வந்து தளும்பியது. மீட்டரைப் பார்த்தாள். ஒன்பது லிட்டர், கொஞ்சம் சில்லறை.

ஒன்பதா?

அவளுடைய மோட்டர் சைக்கிள் அப்படி அரைவயிறு சாப்பிடுகிற ஜாதி இல்லை. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு கொண்டுபோய் நிறுத்தினால், பதினான்கு லிட்டர் குடித்துவிட்டுத்தான் போதும் என்னும். வாங்கிய நாளிலிருந்து, எந்த ஸ்டேஷனில் ஊற்றினாலும் அதே கணக்கு. இன்று காலையும் ஸ்கூடாய்க்குள் நுழையும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்படியும் ஒன்பதிலேயே நிறைந்துவிட்டதென்றால், மீதி ஐந்து லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் வேறு யாரோ குடிவந்திருக்கிறார்கள்.

லோஷினி மூடியைத் திருகினாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவள் இதே வண்டியோடு பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியவள்.

அவளுக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். செனாய் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரும்பு நீலமாகத் தெரியும். துணியும் தீனியும் பிளாஸ்டிக்கும் ஆரஞ்சாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். லோஷினி இடத்தைப் பார்ப்பாள். பெட்டி வெளியே இவ்வளவு பெரிசு, உள்ளே சாமான் இவ்வளவு சிறிசு, அப்படியென்றால் நடுவில் இருப்பது என்ன? போன வருடம் ஓர் ஒலிபெருக்கிக்குள் இருந்து உயிரோடு ஆமைக்குட்டிகளை எடுத்தது அந்த ஒரு கேள்வியால்தான்.

அந்தக் கேள்வி இப்போது அவளுடைய சொந்த டாங்கியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வண்டியைக் காற்றடிக்கும் மூலைக்குத் தள்ளிப்போனாள். சுற்றிலும் ஒரு பார்வை. பல்கலைக்கழகப் பையன்கள் இரண்டு பேர் டயருக்குக் காற்றடித்துவிட்டு நகர்ந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக உலுக்கினாள்.

டொக்.

இன்னொரு தடவை. டொக், டொக்.

பெட்ரோல் தளும்புகிற சத்தம் அதுவல்ல. உள்ளே ஏதோ ஒன்று தகரத்தில் மோதியது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கேட்டே இருக்காது. அறுநூற்றைம்பது சிசியும் ஒற்றை சிலிண்டரில். காடு மேடு பார்க்காமல் போவதற்கென்றே செய்த நெட்டை வண்டி. ஸ்டார்ட் செய்தால் உலக்கை இடிப்பது மாதிரி இடிக்கும். அந்த இடியில் டாங்கிக்குள் நாலு பேர் சண்டை போட்டாலும் வெளியே தெரியாது.

மூடியைத் திறந்து போனின் டார்ச்சை அடித்தாள். பெட்ரோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. கீழே கிடந்த குச்சியைத் துடைத்து உள்ளே விட்டுத் தொட்டாள். அமுங்கியது. குச்சியை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது.

லோஷினி மூடியை மறுபடி இறுகத் திருகினாள்.

*

வண்டியைக் கடைசியாகப் பிரித்து மாட்டியவன் செல்வா. செனாயில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன். லோஷினியைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவான். வெறும் வாய்வார்த்தை இல்லை அது. ஆறு மாதத்துக்கு முன்னால் லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் செம்மண் பாதையில் அவள் விழுந்து, வண்டி கணுக்கால் மேல் சாய்ந்துவிட்டது. நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ. அவளோ ஐந்தடி ஓர் அங்குலம். அசைக்க முடியவில்லை. பழக்குலை ஏற்ற வந்த லாரிக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். போன் போட்ட உடனே போட்டது போட்டபடி கடையைச் சாத்திவிட்டுச் செனாயிலிருந்து பிக்கப்பில் பறந்து வந்தவன் செல்வாதான். வீங்கிய காலைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.

“வண்டிய விக்காதே தங்கச்சி. இளைக்க வைப்போம்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. விழுந்தால் தாங்குவதற்காக மாட்டியிருந்த இரும்புக் கம்பிகள் கழன்றன. பெட்டி மாட்டும் சட்டங்கள், நடு ஸ்டாண்டு, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டை, எல்லாம் போயின. கும்பாவைப் போலத் தொங்கிய சைலன்சர் போய், கைக்கு அடக்கமாக ஒன்று வந்தது. கனத்த பேட்டரிக்குப் பதிலாக ஒரு கையால் தூக்கிப்போட்டு விளையாடலாம் போன்ற லித்தியம் பேட்டரி. கழன்ற ஒவ்வொன்றையும் மீன்கடைத் தராசில் தொங்கவிட்டு, போட்டோ எடுத்து, மோட்டர்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவான் செல்வா.

அந்தக் குழுவில் விஜயேந்திரன் என்று ஒருவர். ஸ்கூடாயில் வொர்க்‌ஷாப். பொதுப்பணியில் என்ஜினியராக இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். அவர் ஒரே ஒரு வரி போட்டார்: ‘டாங்கி நிறைய எண்ணெயோடு நூற்றெழுபதுக்குக் கீழே வராது. கனவு காண வேண்டாம்.’

செல்வாவின் பதில் குரலாகவே வந்தது. “வரும் லா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. கண்ணு முன்னாடி ஏத்திக் காட்றேன்.”

நேற்றுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. குளியலறையில் ஆள் நிறை பார்க்கும் தராசுகள் இரண்டு. முன்சக்கரம் ஒன்றில், பின்சக்கரம் மற்றதில். கூட்டிப் பார்த்தார்கள். நூற்றறுபத்தொன்பது! கைதட்டல், விசில். செல்வா தரையில் நிற்கவில்லை. விஜயேந்திரன் மட்டும் ஒன்றும் பேசாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டாங்கியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அப்போது கண்ணில் பட்டும் மனதில் ஒட்டாத சங்கதிகள் எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன. வெள்ளிக்கிழமை மத்தியானம் லோஷினி போனபோது செல்வாவின் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. “உள்ள வராதே, பெயிண்ட் காயுது” என்று குறுக்கே வந்து நின்றான். வந்ததென்னவோ பெயிண்ட் வாசனை இல்லை, பசை வாசனை. டாங்கிக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் சிவப்பு மையால் ஒவ்வொரு பொட்டு வைத்திருந்தான். “இதைக் கழட்டினா பம்ப் சீல் போயிரும், யாரையும் தொட விடாதே” என்றான். நேற்றுக் கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

“நாளைக்கு உனக்கு லீவுதானே? சிங்கப்பூர்ல மகேஸ்வரன்னு ஒரு ஆளு. அவனுக்கும் அவன் கூட்டாளிங்களுக்கும் இதே மாதிரி செஞ்சு குடுக்கணுமாம். வண்டிய ரெண்டு மணி நேரம் அவன்கிட்ட விட்டுட்டு நீ கடையில மாக்கான் பண்ணி வயித்த நெறச்சிட்டு வா. எண்ணெ ஃபுல்லா இருக்கு. போயிட்டு வர்ற வரைக்கும் பம்ப் பக்கமே போகாதே.”

நேற்று அது அக்கறையாகத் தெரிந்தது.

யாரோ ஒரு மகேஸ்வரன். இரண்டு மணி நேரம். பெண்பிள்ளை, தனி ஆள், விமான நிலையப் பாதுகாப்பில் வேலை. இவளை யார் சந்தேகப்படுவார்கள்? சாமான் அனுப்ப இதைவிட நல்ல ஆள் ஜோகூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்குமா?

இல்லை, செல்வா அப்படிப்பட்டவன் இல்லை என்று மனதின் ஒரு பாதி சொன்னது. பிடிபட்ட எல்லோரைப் பற்றியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள் என்றது மறுபாதி.

போன் அலறியது. செல்வா.

“தங்கச்சி, எங்க இருக்க?”

“ஸ்கூடாய்லண்ணே.”

“இன்னும் ஸ்கூடாய்லயா? மகேஸ்வரன் காத்துக்கிட்டு இருக்கான் லா. ஜாம் ஆவுறதுக்குள்ள பாலத்தைத் தாண்டிரு.”

“எண்ணெ ஊத்த நின்னேன்.”

மறுமுனையில் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“எண்ணெயா? நான்தான் ஃபுல்லா வச்சேனே, எதுக்கு ஊத்துற?”

“நேத்து சாயந்தரம் கூட்டாளிங்களோட டெசாரு போயிட்டு கோத்தா திங்கி சுத்தி வந்தேன். லைட் எரிஞ்சிருச்சி.”

“டெசாருவா? அலமாக்! சொல்லவே இல்லயே... எவ்ளோ ஊத்துன?”

எந்த ஊரில் எந்த வொர்க்‌ஷாப் ஃபோர்மேன் எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்பான்? லோஷினியின் வாயிலிருந்து பொய் தானாக வந்தது. “இன்னும் ஊத்தல. ஆளுங்க நிக்கறாங்க.”

“நல்லதாப் போச்சு. கேளு, அஞ்சு லிட்டர் போதும். அஞ்சுல நிறுத்திரு. அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தாதே. ஊத்திட்டு எனக்குப் போன் போடு. புரியுதா?”

“ஏண்ணே?”

“சொன்னாச் செய்யேன் தங்கச்சி! எல்லாத்துக்கும் ஏன், எதுக்குன்னு...”

செல்வா அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. லோஷினி போனை அணைத்தாள்.

*

அந்தப் பக்கம் போய்ப் போதைச் சாமானோடு மாட்டினால் தூக்குக் கயிறு. இதைச் சொல்லித்தர ஜோகூரில் யாருக்கும் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. இந்தப் பக்கம் மாட்டினாலும் பூமாலை போட மாட்டார்கள். வண்டி அவள் பெயரில் இருக்கிறது, சாவி அவள் கையில் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று எத்தனை பேர் சொல்லி அவளே கேட்டிருக்கிறாள். கேட்டபோது ஒரு தடவையாவது நம்பியிருக்கிறாளா?

போலீசுக்குப் போன் போட விரல் போனது. முந்திக்கொண்டு சொல்கிறவள் தப்பிக்கலாம். ஆனால் சொன்ன நிமிடமே செல்வாவின் கடையைப் போய் முற்றுகையிடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமலே ஒருவனைப் பிடித்துக் கொடுப்பதா? லாபிஸ் வரைக்கும் பறந்து வந்தவனை?

வேலை இடத்தில் ஒரு விதி உண்டு: சந்தேகம் வந்தால் தனியாகத் திறக்காதே, சாட்சியோடு திற.

சாட்சி இரண்டு சிக்னல் தள்ளி இருந்தது. விஜயேந்திரனின் வொர்க்‌ஷாப்.

அந்த இரண்டு சிக்னல் தூரம் அவளுக்கு இரண்டு மாநிலம் போல நீண்டது. பக்கத்தில் வந்து நின்ற போலீஸ் காரைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கக் கழுத்து வலித்தது.

வாசலிலேயே நின்றிருந்தார் விஜயேந்திரன். ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறலாம் போன்ற தரை அவர் கடைக்கு.

“வாம்மா. இன்னும் முன்னாடியே வருவேன்னு நெனச்சேன்.”

லோஷினி ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். “நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?”

“நேத்து டாங்கியத் தட்டினேன். சத்தம் சரியில்ல. நிறைஞ்ச டாங்கி தொம்முனு சொல்லணும். இது டக்குனு சொல்லுச்சு.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலாம். பொறாமைன்னு குரூப்ல இன்னும் நாலு வருசம் பேசுவானுங்க.”

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே லோஷினிக்கு இடித்தது. நேற்று வண்டி பக்கத்தில் தனியாக நின்றவர் இவர். டாங்கியைத் தொட்டவர் இவர். தெரிந்தும் வாயைத் திறக்காமல் அவளை அந்த வண்டியோடு போகவிட்டவரும் இவரே. கொண்டுபோய்த் திறப்பதற்கு இவரைவிட மோசமான ஆள் உண்டா? ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்?

“நான்தான் கழட்டுவேன்” என்றாள். “நீங்க போன்ல வீடியோ எடுங்க. முதல்ல இருந்து கடைசி வரைக்கும். நிறுத்தக் கூடாது.”

“ஓம், அதுதான் நல்லது. நான் தொட மாட்டேன். உள்ள எது இருந்தாலும் என் கைரேகை அதுல வேணாம்” என்றார் அவர். கேட்டைப் பாதி சாத்திவிட்டு, ஓடுவதற்கு வாகாகத் திறந்த பாதிப் பக்கமே நின்றுகொண்டார்.

குழாய் விட்டு பெட்ரோலை வேறு கேனுக்கு இறக்கினாள். சீட்டைக் கழற்றி, டாங்கியைத் தூக்கி, பழைய துணிமேல் கவிழ்த்துவைத்தாள். அடியில் பெட்ரோல் பம்ப் உட்கார்ந்திருக்கும் வட்டத் தட்டு. அதைச் சுற்றி ஆறு போல்ட்டு, ஆறு சிவப்புப் பொட்டு. ஒவ்வொன்றாகப் பொட்டு உடைந்தது. பம்பை வெளியே எடுத்ததும், ஒரு கை தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை.

கையை விட்டாள்.

வழவழப்பாக ஒன்று விரலில் பட்டது. உருண்டை. விரலைச் சுற்றி வளைத்து இழுத்தாள். அரை லிட்டர் அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டி. லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. மூடியைச் சுற்றிப் பசை பூசி இறுக அடைத்திருந்தது. புட்டியின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டு. அந்தக் கட்டில் இன்னொரு புட்டி. இழுக்க இழுக்கக் கருவாட்டுச் சரம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. மொத்தம் பத்து.

“போலீஸ் பாலாய்க்குச் சொல்லிரலாம்மா” என்றார் விஜயேந்திரன். “இதுக்கு மேல தொடாதே. போலீஸ் வந்து பார்த்துக்கட்டும்.”

“ஒரு நிமிசம்.”

காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே மணல் சத்தமில்லை, நீர் சத்தமில்லை, மாவு நகரும் சத்தமுமில்லை. கையிலோ கனமே இல்லை. மேசைமேல் சின்னச் சாமான்களை நிறுக்கும் தராசு இருந்தது. புட்டியை வைத்தாள். ஐம்பது கிராம் கூட வரவில்லை. அந்த அளவு புட்டி வெறுமையாகவே அவ்வளவு இருக்கும்.

கத்தியை எடுத்தாள்.

“ஏய், ஏய், லோஷினி!”

மூடிக்குக் கீழே ஒரு கீறல். உஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது. பிரேக் எண்ணெயின் பழைய வாடை. அவ்வளவுதான். இரண்டாகப் பிளந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததையும் பிளந்தாள். ஒன்றுமில்லை. பத்திலும் காற்று.

“காத்து” என்றாள் லோஷினி. “காத்தைப் போய் எதுக்கு...”

விஜயேந்திரன் முதலில் புட்டியைப் பார்த்தார், பிறகு டாங்கியைப் பார்த்தார். பிறகு போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் சிரித்து லோஷினி பார்த்ததே இல்லை.

“கள்ளப்பயல்! அடேய், கள்ளப்பயல்! டாங்கி நிறைய எண்ணெயோடன்னு நான் சொன்னேன் இல்ல? டாங்கியையே சின்னதாக்கிட்டான்மா! பத்துப் புட்டி, அஞ்சு லிட்டர் இடம். ஒரு லிட்டர் எண்ணெ முக்கா கிலோ. புட்டிக்குன்னு அரைக் கிலோவைத் தள்ளினாலும் மூணு கிலோவுக்கு மேல சுருட்டிட்டான். நூத்தி எழுபத்திரண்டைக் கொண்டுவந்து நூத்தி அறுபத்தொன்பதுன்னு காட்டியிருக்கான். நாங்க அதுக்குக் கை வேற தட்டினோம்!”

லோஷினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கயிறு இல்லை. சிறை இல்லை. செல்வா கடத்தல்காரன் இல்லை, வெறும் பித்தலாட்டக்காரன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த வாரம் மெர்சிங் பக்கத்துக் காட்டுப் பாதையில் தனியாகப் போகத் திட்டம் வைத்திருக்கிறாள். எண்ணெய்க் கணக்கைப் பழைய டாங்கியை வைத்துத்தான் போட்டிருந்தாள். ஐந்து லிட்டர் குறைந்தால், போனும் எடுக்காத இடத்தில், யானை நடக்கிற இடத்தில், வண்டி நின்றிருக்கும்.

*

பிக்கப் ஒன்று வாசலில் கிறீச்சிட்டு நின்றது. செல்வா இறங்கி ஓடிவந்தான். வொர்க்‌ஷாப்பில் போட்டிருந்த ரப்பர் செருப்போடே வந்திருந்தான். பிளந்து கிடந்த புட்டிகளைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

“நீ போனை அணைச்சதுமே இங்கதான் இருப்பேன்னு தெரியும்” என்றான். “என்ஜினியர் சார்கிட்ட வந்தாத்தானே கூத்துக் கட்ட முடியும்?”

“கூத்துக் கட்டினது நான் இல்லடா” என்றார் விஜயேந்திரன். “பரவாயில்ல, டாங்கிக்குள்ள ஒரு புட்டிக்கடையே திறந்திருக்க. லைசென்ஸ் எடுத்தியா?”

“நீங்க சும்மா இருங்க சார்!”

“அண்ணே.” லோஷினி எழுந்தாள். “உள்ள என்ன இருக்குன்னு நான் நெனச்சேன் தெரியுமா? கஞ்சாவோ ஐஸோ வச்சு அனுப்பறீங்கன்னு நெனச்சேன். பாலத்துல என்னைப் பிடிச்சுத் தூக்குல போடுவாங்கன்னு நெனச்சேன்.”

செல்வாவின் முகம் கறுத்தது. “என்னையா? என்னைப் போயா அப்படி நெனச்ச?”

“ஷட்டரை இறக்குனீங்க. டாங்கியத் தொடாதேன்னீங்க. எண்ணெ ஊத்தாதேன்னு கத்துனீங்க. வேற எப்படி நெனைக்கச் சொல்றீங்க?”

அவன் ஒரு பழைய டயர்மேல் சரிந்து உட்கார்ந்தான். “ரெண்டு கிலோ தங்கச்சி. ரெண்டே ரெண்டு கிலோ எறங்க மாட்டேங்குது. எல்லாரையும் வரச்சொல்லிட்டேன். ஒரு வாரமா நான் தூங்கல லா. ஒவ்வொன்னையும் கையில எடுத்து எடுத்துப் பார்க்கறேன். இதைக் கழட்டலாமா, அதை அறுக்கலாமான்னு. கடைசில எண்ணெதான் கனம்னு தெரிஞ்சது. மகேஸ்வரன் பார்த்து ஆர்டர் குடுத்துட்டா அடுத்த நாளே புட்டிய எடுத்துருவேன். நீ மெர்சிங் போறதுக்குள்ள எடுத்துருவேன். சத்தியமா.”

நம்பலாம் போலத்தான் இருந்தது. அழுகிற குரல். லோஷினியும் இளகத்தான் பார்த்தாள். ஆனால் ஒரு வார்த்தை அவளுக்குள் முள்ளாக நின்றது.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தவன், புட்டியோடு நிறுத்தியிருப்பானா?

“அண்ணே, வேற என்ன செஞ்சீங்க?”

“வேற ஒன்னும் இல்ல.”

“வேற எதை லேசாக்குனீங்க?”

“அதான் சொல்றேனே, ஒன்னும் இல்லன்னு!”

பெட்டி திரையில் ஓடும்போது லோஷினி சில சமயம் திரையைப் பார்ப்பதில்லை; பெட்டியைக் கொண்டுவந்த ஆளைப் பார்ப்பாள். எங்கே பார்க்கக் கூடாதோ அங்கே அவன் கண் ஒரு தடவை போய்த் திரும்பும். செல்வாவின் கண் போனது. இமைக்கிற நேரம்தான். முன்சக்கரத்துக்குப் போய், தரைக்கு வந்துவிட்டது.

அவள் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். டிஸ்க் தட்டைக் கவ்வியிருக்கும் பிரேக் கட்டை. அதை ஃபோர்க்கோடு பிணைத்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். கறுப்பாக, புதிதாக இருந்தன. நகத்தால் சுரண்டினாள். கறுப்பு உரிந்து வெள்ளி பளபளத்தது.

“அங்கிள், காந்தம் இருக்கா?”

விஜயேந்திரன் காந்தக் குச்சியை நீட்டினார். லோஷினி அதைப் போல்ட்டின் தலையில் வைத்தாள். ஒட்டவில்லை. வழுக்கிக் கீழே விழுந்து சக்கரத்தின் இரும்புக் கம்பியில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“அலுமினியம்” என்றார் விஜயேந்திரன். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. “டேய் செல்வா, கண்ணாடி மூடிக்குப் போடுற போல்ட்டையா பிரேக்குக்குப் போட்டிருக்க?”

“நல்ல போல்ட்டு சார். ரேஸ்ல போடறானுங்க...”

“எங்கடா போடறானுங்க? பிரேக்குலயா?”

விஜயேந்திரன் ஸ்பேனரை மாட்டினார். கைரேகையைப் பற்றி இப்போது அவருக்கு நினைவில்லை. இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஓர் அழுத்து. பெரிய அழுத்துகூட இல்லை.

பட்.

போல்ட்டின் தலை ஸ்பேனரோடு கையில் வந்துவிட்டது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். வெளியே சாலையில் கார்கள் இரைந்துகொண்டிருந்தன. நேற்று டெசாரு நெடுஞ்சாலையில் லாரி ஒன்று குறுக்கே திரும்ப, லோஷினி முன்பிரேக்கை முழுக்க அழுத்தியது அவளுக்கு நினைவு வந்தது. பின்னால் வந்த கூட்டாளிகள், ‘பரவாயில்ல, லேசான வண்டி நல்லாப் பிடிக்குது’ என்று சொன்னதும் சேர்ந்து வந்தது.

ஸ்பேனரை அவரிடமிருந்து வாங்கி செல்வாவிடம் நீட்டினாள்.

“இன்னொன்னு இருக்கு. அதை நீங்க திருப்புங்க.”

செல்வாவின் கை எழவில்லை.

“திருப்புங்கண்ணே. நல்ல போல்ட்டுன்னு சொன்னீங்களே.”

“தங்கச்சி...”

“எவ்ளோ கொறைஞ்சது? இந்த ரெண்டுலயும்?”

“அறுபது கிராம்.”

லோஷினி மேசையில் இருந்த விஜயேந்திரனின் போனை எடுத்து, இன்னும் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தி, குழுவில் போட்டாள். விஜயேந்திரனே தடுக்கப் பார்த்தார். “யோசிச்சுப் போடும்மா. இதைப் பார்த்தா அவன் கடைக்கு இனிமே ஆள் வராது.”

“மகேஸ்வரன் அங்க வண்டிக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு அங்கிள். அவரு கூட்டாளிங்களுக்கும் இதே போல்ட்டுத்தான் போகும்.”

செல்வா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். அவனுடைய போன் சட்டைப்பைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தது. எடுக்கவில்லை.

“இரும்பு போல்ட்டு இருக்கா அங்கிள்?”

“இருக்கு.” அவர் இழுப்பறையைத் திறந்து இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். “உடைஞ்சதை முதல்ல எடுக்கணும், நேரமாகும். மத்த போல்ட்டையும் ஒன்னு விடாமப் பார்த்துருவோம்.”

“பாருங்க.”

“திரும்பவும் கனமாயிரும் வண்டி.”

“இருக்கட்டும்” என்றாள் லோஷினி. ஸ்டூலை இழுத்து முன்சக்கரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். விஜயேந்திரனின் கை போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போனது.